சின்னமலை எங்கே இருக்கிறது?

ஆடிப்பெருக்கன்று பூம்புகார் சங்கமத்துறையில் பெண்கள் காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்துப் படைத்துத் தண்ணீரில் விடுவார்கள். புதுமணத் தம்பதிகளின் கல்யாண மாலைகளும் அதோடு கடலுக்குப் போகும். 1805இல் இதே ஆடி 18 அன்றுதான் மேற்கே சங்ககிரிக் கோட்டையில், தங்களை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையை வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்டார்கள். அன்று ஜூலை 31. இப்போது அந்த நாள் ஆகஸ்ட் 2, 3இல் அல்லவா வருகிறது என்று கேட்கலாம். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்றே நீளம். இருநூறு வருஷத்தில் மூன்று நாள் தள்ளிவிட்டது.

எனக்குத் தீரன் சின்னமலை என்பது முதலில் பஸ்ஸில் பார்த்த பெயர். திருச்சிப் பேருந்துகளில் எழுதியிருக்கும். 1997இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போயிற்று. ஏதோ ஒரு மலை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தப் பெயருக்குப் பின்னால் அப்படியொரு மலை இல்லை. 1756இல் காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தீர்த்தகிரி. மைசூர் அதிகாரிகள் தண்டிய வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்தார். யார் பறித்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை என்று சொல்லச் சொன்னாராம். கொங்கு நாடே சொல்லும் கதை இது. கிரி என்றாலும் மலைதான். வடசொல்லைத் தமிழாக்கி, முன்னால் ஒரு ‘சின்ன’ சேர்த்துக்கொண்டார் என்றே நான் படிக்கிறேன். சின்ன மருது என்னும்போது அது இளையவர் என்று பொருள்படும். இங்கே உருவத்தைச் சொல்கிறது. இரு பக்கமும் முருகன் குடியிருக்கும் குன்றுகள், நடுவே காடும் மேடும். வரி கேட்டு வந்தவன் எந்த மலையைப் போய் வளைப்பான்?

இப்படி மறைந்திருந்து தாக்கும் போரின் பெயரிலும் ஒரு ‘சின்ன’ உண்டு. ஸ்பானிய மொழியில் ‘கெர்ரா’ என்றால் போர். சிறுமை விகுதி சேர்ந்தால் ‘கெரில்லா’, அதாவது சின்னப் போர். 1808 முதல் நெப்போலியன் படையை ஸ்பெயின் குடிமக்கள் மறைந்திருந்து தாக்கியபோதுதான் அந்தச் சொல் உலகெங்கும் பரவியது. பிறகு ஸ்பெயினையே எதிர்த்து, தென் அமெரிக்காவின் சால்டாவில் மார்ட்டின் மிகுவேல் டி குவேமெஸ் கௌச்சோ குதிரைவீரர்களோடு நடத்தியதும் அதே போர்தான். 1821இல் குண்டடிபட்டு இறந்தார். ஈழத்தமிழர் இந்தப் போர்முறையைக் ‘கரந்தடி’ என்பார்கள். கரத்தல் என்றால் மறைதல். இந்தச் சொற்கள் பரவுமுன்பே ஒருவர் சின்னதையும் மறைவையும் தம் பெயரில் வைத்திருந்தார்.

தீர்த்தகிரியில் கிரி மலையாகிவிட்டது, தீர்த்தம் உதிர்ந்துவிட்டது. ஆடி 18 அன்று சங்கமத்துறையில் முழுகி எழும்போதெல்லாம் அந்த விட்டுப்போன பாதிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.