அதே சிறுமி ரோல், 13 வருஷம் கழிச்சு! 'ஆர்பன்: ஃபர்ஸ்ட் கில்' எப்படி எடுத்தாங்க? நடிகர்களின் பயணம் எப்படி? முழு விவரம்

ஒரு திகில் படத்தில் 9 வயசு சிறுமியாக நடித்தவர், வளர்ந்து பெரிய ஆளான பிறகு மறுபடியும் அதே சிறுமியாக நடிக்க முடியுமா? அதுவும் கதைப்படி முதல் படத்தை விட இளையவளாக?

'ஆர்பன்: ஃபர்ஸ்ட் கில்' படக்குழு முடியும் என்று சொன்னது. 2009-ல் 'ஆர்பன்' வெளியானபோது நடிகை இசபெல் ஃபுர்மனுக்கு வயது 12. முன்கதையான 'ஃபர்ஸ்ட் கில்' 2022 ஆகஸ்டில் வெளியானபோது அவருக்கு 25. ஆனால், திரையில் அதே எஸ்தர், அதே ரிப்பன், அதே பார்வை.

இது எப்படி நடந்தது? இதில் நடித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள்? பார்க்கலாம்.

(கவனிக்க: இரண்டு படங்களின் முக்கிய திருப்பங்களும் கீழே சொல்லப்பட்டுள்ளன. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

முதல் படத்தோட கதை என்ன?

கேட், ஜான் என்ற அமெரிக்கத் தம்பதி. மூன்றாவது குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்தில் இருக்கிறார்கள். அனாதை இல்லத்துக்குப் போய் எஸ்தர் என்ற 9 வயசு சிறுமியைத் தத்தெடுக்கிறார்கள். நல்லா படம் வரைவாள், மரியாதையாகப் பேசுவாள். ஆனால், கழுத்திலும் மணிக்கட்டிலும் கட்டியிருக்கும் ரிப்பனை மட்டும் யாரையும் தொட விடமாட்டாள்.

கடைசியில்தான் உண்மை தெரிய வருகிறது. எஸ்தர் சிறுமியே இல்லை. அவள் பெயர் லீனா கிளாமர், வயது 33. எஸ்தோனியா நாட்டு மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவள். பிட்யூட்டரி சுரப்பியில் உள்ள கோளாறால் உடல் வளர்ச்சி சிறுவயதிலேயே நின்றுவிட்டது. அங்கே கட்டிப்போட்டதால் வந்த தழும்புகளை மறைக்கத்தான் அந்த ரிப்பன்கள்.

பேய் இல்லை, பிசாசு இல்லை. ஆனாலும், அந்த ஒரு திருப்பம் படத்தை ரசிகர்கள் மனசில் நிறுத்திவிட்டது. ஸ்பெயினைச் சேர்ந்த ஜாமே கொலெட்-செரா இயக்கிய இந்தப் படத்தின் தயாரிப்பில் லியோனார்டோ டிகாப்ரியோவின் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. சுமார் 2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ப்ரீக்வல் எடுப்பதில் என்ன சிக்கல்?

ஒரு படத்துக்குப் பிறகு நடக்கும் கதையைச் சொன்னால் அது சீக்வல். அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால் ப்ரீக்வல், அதாவது முன்கதை. முதல் படத்தின் முடிவில் எஸ்தர் இறந்துவிடுவதால், அவளை மறுபடி கொண்டுவர முன்கதை மட்டுமே வழி.

ஆனால், இங்கே இரண்டு சிக்கல்கள். ஒன்று, எஸ்தரின் ரகசியம் எல்லோருக்கும் தெரிந்துபோச்சு. ரகசியம் தெரிந்த பிறகு என்ன திகில் இருக்கும்?

இரண்டாவது, நடிகை. கதை பின்னோக்கிப் போகும், நடிகரின் வயது முன்னோக்கித்தான் போகும். எல்லா முன்கதைப் படங்களுக்கும் உள்ள தலைவலிதான் இது. வழக்கமாக வேறு நடிகரைப் போட்டுவிடுவார்கள். 'சைக்கோ' படத்தின் நார்மன் பேட்ஸின் இளவயதுக் கதையான 'பேட்ஸ் மோட்டல்' தொடரில் ஃப்ரெடி ஹைமோர் வந்தது அப்படித்தான். இன்னொரு வழி, கணினி மூலம் முகத்தை இளமையாக்கும் டீ-ஏஜிங்.

'ஃபர்ஸ்ட் கில்' குழு இரண்டையுமே பிரதானமாக நம்பவில்லை. பழைய நடிகையையே கூப்பிட்டது.

23 வயசு நடிகை சிறுமியானது எப்படி?

படப்பிடிப்பு 2020 இறுதியில் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்தது. அப்போது ஃபுர்மனுக்கு 23 வயது. இயக்குநர் 'தி பாய்' பட புகழ் வில்லியம் பிரெண்ட் பெல். அவர்கள் கையாண்டது பெரும்பாலும் பழங்கால சினிமா உத்திகளைத்தான்.

* கண்ணை ஏமாற்றும் கோணம்: ஒருவரை கேமராவுக்குப் பக்கத்திலும் இன்னொருவரைத் தள்ளியும் நிறுத்தினால், தள்ளி நிற்பவர் குள்ளமாகத் தெரிவார். இதை வைத்தே ஃபுர்மனைச் சிறிதாகக் காட்டினார்கள்.

* உயரமான ஷூ: கூட நடித்த பெரியவர்கள் அடிப்பாகம் தடித்த, உயரமான ஷூ போட்டுக்கொண்டு நடித்தார்கள். அவர்கள் உயர்ந்தால், எஸ்தர் தானாகக் குறைவாளே!

* முழங்காலை மடக்கி நடிப்பு: இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் காட்சிகளில் ஃபுர்மன் முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தியபடியே நடித்தார்.

* சிறுமி டூப்: முழு உருவமும் தெரியும் காட்சிகளிலும், முதுகுப்பக்கக் காட்சிகளிலும் உண்மையான சிறுமிகள் டூப்பாக நடித்தார்கள். முகம் தெரியும் நொடியில் ஃபுர்மன் வந்துவிடுவார்.

* மேக்கப், லைட்டிங்: மிச்ச வேலையை ஒப்பனையும் ஒளியமைப்பும் பார்த்துக்கொண்டன.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. முதல் படத்தில் ஒரு சிறுமி, சிறுமி வேடம் போடும் 33 வயசு பெண்ணாக நடித்தார். இரண்டாவதில் ஒரு இளம்பெண், சிறுமி வேடம் போடும் 31 வயசு பெண்ணாக நடித்தார். அதாவது, இந்த முறை நடிகையும் கதாபாத்திரமும் செய்வது ஒரே வேலை. வளர்ந்த ஒருத்தி தன்னைக் குழந்தையாகக் காட்டிக்கொள்வது. அதனால், ஃபுர்மனின் முகத்தில் ஆங்காங்கே எட்டிப்பார்க்கும் முதிர்ச்சி குறையாகத் தெரியவில்லை, கதைக்கே பொருந்திப்போனது.

தெரிஞ்ச கதையில் புதுத் திருப்பம் என்ன?

கதை 2007-ல் தொடங்குகிறது. எஸ்தோனியா மருத்துவமனையிலிருந்து தப்பும் லீனா, காணாமல்போன அமெரிக்கச் சிறுமிகளின் படங்களைத் தேடுகிறாள். தன்னைப் போலவே இருக்கும் எஸ்தர் ஆல்பிரைட் என்ற சிறுமியின் பெயரில், அவளுடைய பணக்காரக் குடும்பத்துக்குள் நுழைகிறாள். ஓவியரான அப்பா ஆலன், மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று உருகிப்போகிறார்.

இவர்களை எஸ்தர் என்ன செய்யப்போகிறாள் என்றுதான் பாதிப் படம் வரை நாம் பயப்படுகிறோம். ஆனால், அம்மா ட்ரிஷியாவுக்கு முதல் நாளிலிருந்தே இவள் தன் மகள் இல்லை என்று தெரியும். எப்படி? உண்மையான எஸ்தர் எப்போதோ இறந்துவிட்டாள். அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் கன்னர். மகனைக் காப்பாற்ற விஷயத்தை மூடி மறைத்தது அம்மா.

இங்கேதான் படம் தலைகீழாகிறது. வேட்டையாட வந்தவள், மாட்டிக்கொண்டவளாகிறாள். பார்ப்பவர்களும் கொஞ்ச நேரத்துக்கு எஸ்தர் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ரகசியம் தெரிந்த ரசிகரை மறுபடி ஏமாற்ற, ரகசியத்தை வேறு ஆளிடம் மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

முடிவில் வீடு தீப்பிடிக்கிறது, குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. எஸ்தரின் பழைய குடும்பம் தீ விபத்தில் இறந்ததாக முதல் படத்தில் சொல்வார்களே, அதற்கான விடை இது. முதல் படத்தில் புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் ஓவியங்களை எஸ்தர் வரைவாள். அந்தப் பாணியை யாரிடம் கற்றாள் என்பதற்கும் இங்கே பதில் இருக்கு.

இசபெல் ஃபுர்மன்: ஒரே முகத்தில் மாட்டிக்கொண்டாரா?

திகில் படத்தில் புகழ்பெறும் குழந்தை நட்சத்திரங்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. அந்த முகத்தை ரசிகர்கள் மறக்கவே மாட்டார்கள்.

1997-ல் வாஷிங்டனில் பிறந்த ஃபுர்மனுக்கும் அதே கதைதான். 2012-ல் வெளியான 'தி ஹங்கர் கேம்ஸ்' படத்தில் கத்தி எறியும் கிளோவ் என்ற பாத்திரம். மறுபடியும் கொலைகாரச் சிறுமி! அதன்பின் 'ஆஃப்டர் எர்த்' (2013), 'செல்' (2016) என்று வாய்ப்புகள் வந்தன. ஆனால், 'ஆர்பன்' அளவுக்கு எதுவும் பேசப்படவில்லை.

திருப்பம் தந்தது 2021-ல் வந்த 'தி நோவிஸ்'. கல்லூரிப் படகுப் போட்டி அணியில் சேரும் மாணவி, முதலிடம் பிடிக்கத் தன் உடம்பையே சித்திரவதை செய்துகொள்ளும் கதை. இதற்காக ட்ரைபெக்கா திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுக்கும் பரிந்துரை கிடைத்தது.

ஆக, எஸ்தர் மறுபடி திரைக்கு வந்தபோது ஃபுர்மன் வேறு வேலையில்லாமல் பழைய வேடத்துக்குத் திரும்பியவர் இல்லை. தன்னால் வேறு என்ன முடியும் என்று காட்டிய கையோடு வந்தவர். 2024-ல் கெவின் காஸ்ட்னரின் 'ஹொரைசன்' படத்திலும் நடித்தார்.

ஜூலியா ஸ்டைல்ஸ்: பயந்த அம்மா, பயமுறுத்தும் அம்மா

ட்ரிஷியாவாக நடித்த ஜூலியா ஸ்டைல்ஸ், 1999-ல் வந்த '10 திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ' மூலம் இளைஞர்களின் அபிமான நடிகையானவர். 'ஜேசன் போர்ன்' படவரிசையில் நிக்கி பார்சன்ஸ் இவர்தான். 'டெக்ஸ்டர்' தொடருக்காக எம்மி பரிந்துரையும் பெற்றார்.

2006-ல் 'தி ஓமன்' மறு உருவாக்கத்தில் சாத்தானின் பிள்ளையான டேமியனை வளர்க்கும் அம்மா இவர். குழந்தையைப் பார்த்து நடுங்கும் வேடம். 16 வருடம் கழித்து, அந்தக் 'குழந்தை'யே பார்த்து நடுங்கும் அம்மாவாக வந்தார். இப்போது இயக்குநராகவும் ஆகிவிட்டார். அவர் இயக்கிய முதல் திரைப்படம் 'விஷ் யூ வேர் ஹியர்' 2025-ல் வெளியானது.

அப்பா ஆலனாக வருபவர் ரோசிஃப் சதர்லேண்ட். மறைந்த பழம்பெரும் நடிகர் டொனால்ட் சதர்லேண்டின் மகன், கீஃபர் சதர்லேண்டின் தம்பி. 'ஹங்கர் கேம்ஸ்' படத்தில் ஃபுர்மன் நடித்தபோது, அதில் அதிபர் ஸ்னோவாக வந்தவர் இவரோட அப்பா. ஆக, அப்பா, மகன் இருவரின் படத்திலும் ஃபுர்மன் இருக்கிறார்.

முதல் படத்து நடிகர்கள் என்ன ஆனாங்க?

* வெரா ஃபார்மிகா (கேட்): அதே 2009-ல் 'அப் இன் தி ஏர்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை. 2013 முதல் 'தி கான்ஜுரிங்' படங்களின் லொரைன் வாரன் இவர்தான். மேலே சொன்ன 'பேட்ஸ் மோட்டல்' தொடரில் நார்மனின் அம்மாவும் இவரே. இவருடைய தங்கை டைசா ஃபார்மிகா, கான்ஜுரிங் வரிசையின் முன்கதையான 'தி நன்' (2018) படத்தின் நாயகி.

* பீட்டர் சார்ஸ்கார்ட் (ஜான்): 'மெமரி' படத்துக்காக 2023 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது.

* ஆர்யானா எஞ்சினியர் (மேக்ஸ்): செவித்திறன் குறைபாடுள்ள குட்டித் தங்கையாக வந்தவர். நிஜத்திலும் அவருக்கு அந்தக் குறைபாடு உண்டு. 2012-ல் 'ரெசிடென்ட் ஈவில்: ரெட்ரிப்யூஷன்' படத்திலும் நடித்தார்.

* சி.சி.ஹெச். பவுண்டர் (சிஸ்டர் அபிகேல்): 'அவதார்' படங்களில் மோ'ஆட் பாத்திரம் இவருடையது.

சர்ச்சை ஏன் வந்துச்சு?

முதல் படம் வெளியாகும் முன்பே அமெரிக்காவில் தத்தெடுப்பு அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தத்தெடுத்த குழந்தையைச் சொந்தக் குழந்தை மாதிரி நேசிப்பது கஷ்டம் என்ற பொருளில் டிரெய்லரில் ஒரு வசனம் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அதை டிரெய்லரிலிருந்து நீக்கியது.

கோபத்தில் நியாயம் இருக்கு. புது வீட்டுக்கு வரும் ஒரு குழந்தை ஏற்கெனவே ஆயிரம் பயத்தோடுதான் வருகிறது. அதன்மேல் சந்தேகத்தையும் ஏற்றக்கூடாது என்பதுதான் அவர்கள் வாதம்.

நோய் பற்றியும் தெளிவு தேவை. பிட்யூட்டரி சுரப்பிக் குறைபாடு நிஜமாகவே உண்டு. வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் குழந்தையின் உயரம் பாதிக்கப்படும். ஆனால், சிறுவயதிலேயே கண்டுபிடித்தால் ஹார்மோன் ஊசி மூலம் சிகிச்சை தரலாம். இந்தக் குறைபாட்டுக்கும் வன்முறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படத்தில் வருவது கற்பனை.

எந்தப் படத்தை முதலில் பார்க்கணும்?

கதை வரிசைப்படி 'ஃபர்ஸ்ட் கில்' முதலில் வரும். ஆனால், வெளியான வரிசையில் பார்ப்பதுதான் சரி. எஸ்தரின் ரகசியம் உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் முன்கதையே எழுதப்பட்டிருக்கு. மாற்றிப் பார்த்தால், முதல் படத்தின் பெரிய அதிர்ச்சி வீணாகிவிடும். இரண்டிலும் ரத்தமும் வன்முறையும் அதிகம். குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

எஸ்தர் கதை இத்தோடு முடியவில்லை. ஃபுர்மன் நடிப்பில் மூன்றாவது படமும் அறிவிக்கப்பட்டிருக்கு. ஃபுர்மன் இப்போது முப்பதை நெருங்குகிறார். எஸ்தரின் உண்மையான வயதை அவரே எட்டப்போகும் நேரத்தில், மறுபடியும் சிறுமியாக வேண்டும். இந்த முறை ஷூவோட உயரம் இன்னும் கொஞ்சம் கூடலாம்!