தீவின் பெயரும் பொது நிரலும்

நெடுந்தீவு என்னும் பெயரின் முதலெழுத்தை நோக்குக. 1991இல் வெளிவந்த ஒருங்குறி நியதிப்படி, கணினி நகரத்தை முன்னும் எகரக் குறியைப் பின்னும் சேமிக்கும். திரையிலோ குறி முன்னே நிற்றல் வேண்டும். இவ்வரிசையை மாற்றித் தருவது, மென்பொருள்கள் துணைக்கழைக்கும் நிரல் நூலகம்.

லிப்ரே ஒபிஸ் மென்பொருள் முன்னர் விண்டோஸ், மக், லினக்ஸ் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நூலகத்தை நம்பியிருந்தது; ஆதலால் ஒரே ஏட்டின் வரிகள் இடத்துக்கிடம் வேறுபடலாயின. 2017இல் வெளியான 5.3ஆம் பதிப்பு மூன்றிற்கும் ஹார்ப்பஸ் என்னும் பொது நூலகத்தைக் கைக்கொண்டது.

மூலநிரலிலிருந்து இதனை ஆக்கும் தொகுப்புக் கருவி, நூலகத்தின் படியை உடன்சேர்ப்பதா, கணினியில் ஏலவே உள்ளதைப் பயன்படுத்துவதா என்னும் தெரிவை ஆக்குவோரிடமே விடுகின்றது. முன்னையது பதிப்பு மாறாமற் காக்கும். பின்னையதில் ஒரு திருத்தம் அதனைப் பகிரும் மென்பொருள் அனைத்திற்கும் பயன்தரும். தீவைவிட்டுப் பல நாடுகளிற் சிதறியோரும் தம் ஊர்ப்பெயரைப் பிழையின்றி வாசித்தற்கு இத்தகைய பொதுநிரல்களைப் பேணுதல் இன்றியமையாதது.