ஒரு கொசு வரைபடம் ஏறிய கதை

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வெஸ்ட்டில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக். பொதுத் தாழ்வாரத்தின் ஓரத்தில், செடித்தொட்டிகளுக்குப் பக்கத்தில், கறுப்பு நிறத்தில் ஒரு சிறு குப்பி. உள்ளே வைக்கோல் ஊறிய நீர். முட்டையிட இடம் தேடும் பெண் ஏடிஸ் கொசு அந்த வாடைக்கு வந்து உட்சுவரில் அமர்கிறது. அங்கே பசை. அதன் பறத்தல் முடிந்தது, பயணம் இனிமேல்தான்.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்தப் பொறிக்குப் பெயர் ‘கிராவிட்ராப்’. தீவு முழுவதும் சுமார் 70,000 இருக்கின்றன. ஊழியர்கள் மாடி மாடியாக ஏறி ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறார்கள். எந்த இனம் என்பதே முதல் கேள்வி. இங்கே டெங்கியைப் பெரிதும் பரப்புவது, மனிதரை ஒட்டி வாழும் ஏடிஸ் எஜிப்டி. பிடிபட்ட எஜிப்டி பெண்கொசுக்களின் எண்ணிக்கையை, பழுதில்லாமல் இயங்கிய பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். நம் கொசு இப்போது ஒரு குறியீட்டு எண்ணின் பகுதி.

அந்த எண் தனியாக நிற்பதில்லை. டெங்கி கண்டவரைப் பற்றி மருத்துவர் அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். 150 மீட்டருக்குள், 14 நாள் இடைவெளிக்குள் இருவர் நோயுற்றால் அது ஒரு டெங்கிக் குழுமம். வரைபடத்தில் அது, பத்துப் பேருக்குக் குறைவென்றால் மஞ்சள், பத்தை எட்டினால் சிவப்பு. குழுமங்களின் எல்லைகளை, 2011ல் தொடங்கிய அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் சிவப்பு நிறம் தெரியும்போது பத்துப் பேர் படுத்துவிட்டார்கள். பொறியின் கணக்கோ காய்ச்சலுக்கு முன்பே பேசக்கூடியது. நோயாளியே இல்லாவிட்டாலும் எஜிப்டி மிகுந்த வட்டாரங்களின் பட்டியலை வாரியம் வெளியிடுகிறது. குடியிருப்பாளருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை என்பேன். 2020ல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்ட ஊர் இது.

தெம்பனிஸில் அந்தக் கணக்கு இன்னொரு வேலையும் செய்தது. 2016 அக்டோபரில் வோல்பாக்கியா நுண்ணுயிர் கொண்ட ஆண் கொசுக்களை விடும் சோதனை தொடங்கியபோது, தேர்வான மூன்று இடங்களில் தெம்பனிஸ் வெஸ்ட்டும் ஒன்று. ஆண் கொசு கடிக்காது. இந்த ஆணோடு இணையும், வோல்பாக்கியா இல்லாத பெண்கொசுவின் முட்டை பொரிக்காது. தவறிக் கலந்துவிடும் பெண்கொசுக்கள் பெருகாமலிருக்கப் பின்னர் எக்ஸ்கதிரும் பாய்ச்சினார்கள். இது பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? கொசு குறைந்துவிட்டது என்று ஊர் சொல்வது போதாது. தாழ்வாரப் பொறிகளில் ஒட்டியவற்றை எண்ணித்தான் தெரிந்துகொண்டார்கள். சோதனை நடந்த தெம்பனிஸிலும் ஈசூனிலும் எஜிப்டி 98 விழுக்காடு வரை குறைந்தது. ஓராண்டாவது விடப்பட்ட பகுதிகளில் டெங்கி 88 விழுக்காடு வரை குறைந்தது. திட்டம் மற்ற வட்டாரங்களுக்கும் விரிந்தது.

இத்தனை முடிவுகளுக்கும் அடியில் இருப்பது அந்தக் கறுப்புக் குப்பிதான். அது கவிழ்ந்தால் கணக்கில் சேராது. உங்கள் மாடியைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. வாசலில் ஒன்று இருந்தால் நகர்த்தாதீர்கள், நீரைக் கொட்டாதீர்கள். கொட்ட வேண்டியது உங்கள் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைத்தான்.