மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியும் கச்சான் வேர்முடிச்சுப் பற்றீரியாவும்

மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி இலங்கையின் மலைநாட்டுக்கே உரிய பறவை. பிரடிரைசோபியம், மண்ணில் வாழ்ந்து கச்சான், கௌபி போன்ற அவரையினப் பயிர்களின் வேரில் முடிச்சு உண்டாக்கும் பற்றீரியாப் பேரினம். முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்று, தாழ்நில வறண்ட வலயம். அங்கே இந்தப் பறவை இல்லை, கச்சான் வேரில் பற்றீரியா உண்டு. இரண்டும் தாவரத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்பவை.

வகைப்பாடு

பறவையை 1851இல் எட்வேர்ட் பிளைத் விவரித்தார். நீளம் சுமார் 20 சென்ரிமீற்றர். பற்றீரியா ஒரே கலத்தாலான, கரு இல்லாத கோலுரு. நீளம் சில மைக்கிரோமீற்றர் மட்டுமே. ஆய்வுகூடத்தில் மெதுவாக வளர்வதால் 1982இல் இது இறைசோபியத்திலிருந்து தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது.

பறவைகளின் டீ.என்.ஏ. பொதுவாக 100 கோடி இணை மூலங்கள் அளவிலானது. சோயா வேரிலிருந்து பெற்ற பிரடிரைசோபியம் ஒன்றில் 91 இலட்சமே உள்ளதாக 2002இல் அறியப்பட்டது. எனினும் அதிலுள்ள பரம்பரையலகுகள் ஏறத்தாழ 8,300, பறவையினதில் பாதியளவு.

வாழிடம்

பறவை நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்நிலக் காடுகளிலும் அவற்றையொட்டிய தோட்டங்களிலும் காணப்படும். முல்லைத்தீவு அடங்கும் வன்னியில் காண்பது அதன் உறவான, வாலடி சிவந்த கொண்டைக்குருவி. பற்றீரியா பயிரில்லாத காலத்தில் மண்ணில் தனித்திருக்கும். கச்சான் முளைத்ததும், பக்கவேர் வெடித்து வரும் இடுக்கின் வழியே உள்நுழையும்.

தாவர உறவு

பறவை பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் இடும், பூச்சிகளையும் உண்ணும். பற்றீரியா, செடி தரும் மாப்பொருட் சத்துக்கு ஈடாக, வளியில் 78 சதவீதமுள்ள நைதரசனை அமோனியாவாக்கித் தரும்; இதுவே நைதரசன் பதித்தல். அதற்கான நொதியம் ஒட்சிசன் பட்டால் கெடும். ஆனால் பற்றீரியா சுவாசிக்கவும் ஒட்சிசன் வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்ப்பது முடிச்சில் உள்ள இலெக்ஈமோகுளோபின்: ஒட்சிசனைப் பிடித்துவைத்து அளவாக வழங்கும். பறவையின் குருதியைச் சிவப்பாக்கும் ஈமோகுளோபினும் இதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் நிறம் தருவது இரும்பு கொண்ட ஈம்.

இனங்காணல்

கருந்தலை, வெண்தொண்டை, ஒலிவ்பச்சை மேலுடல், கண்ணருகே மஞ்சள் குஞ்சம் ஆகியவை பறவையின் அடையாளங்கள். பற்றீரியாவைக் கண்ணால் காண முடியாது; அதன் வேலையைக் காணலாம். கச்சான் செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறினால், உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது நைதரசன் பதிகிறது என்பதற்கு அடையாளம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யாத முடிச்சு. யூரியா மிகுந்த மண்ணில் முடிச்சுகளே குறையும்.