யார் யாருக்குக் குனிந்தார்?

1762 ஆம் ஆண்டு ஜோன் பைபஸ் என்ற ஆங்கிலேயர் சென்னையிலிருந்து தூதராகக் கண்டிக்கு வந்தார். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அவையில் அவர் முழந்தாளிட வேண்டியிருந்தது. ஆளுநரின் கடிதத்தை வெள்ளித் தட்டிலே வைத்துத் தலைமேல் ஏந்திச் சென்றார். அந்நியன் அரசன் வாசலுக்கு வந்தால் அதுதான் முறை.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பின்னர் கோப்பி வந்தது, தேயிலை வந்தது, அவற்றோடு தமிழகத்திலிருந்து நம்மவரும் வந்தனர். முறை தலைகீழானது. தோட்டப் பாதையில் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். விரித்த குடையை மடக்கி ஒதுங்கி நிற்க வேண்டும். மழைக்கும் அதில் விலக்கில்லை. ஹல்துமுல்லைச் சரிவில் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்று அறிந்தவர்களுக்கு அந்த மடக்கிய குடையின் பாரம் விளங்கும். இதையும் சிலர் ‘மரியாதை’ என்றே எழுதிவைத்தார்கள்!

இன்று பெரகலை வழியாக லிப்டன் சீற் பார்க்கப் போகும் வெளிநாட்டார் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் பிடிக்கலாகாது என்பதும் அவர்களிற் பலருக்குத் தெரிந்திருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் வந்ததும் கமராதான் முந்திக்கொள்கிறது. அவளிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

“படம் எடுக்கலாமா, அக்கா?” இந்த மூன்று சொற்களை என் மாணவர் சிலர், வழி கேட்டு நிற்கும் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.