சாவி யார் கையில்?

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கவும் சிகிஞ்சானில் வயல் பார்க்கவும் வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தாமான் வீட்டை ‘ஹோம்ஸ்டே’யாக விடுகிறவர் ராத்திரி பதினோரு மணிக்கு வரும் குடும்பத்துக்காகச் சாவியோடு காத்திருக்க முடியாது. அதனால் எண் பூட்டு வாங்கணும். எது நல்லது என்று என்னை மாதிரி பொறியியல் படித்தவனிடம் கேட்டால் பேட்டரி, விலை என்று ஆரம்பிப்பேன். ஆனால் கோலசிலாங்கூரில் ‘யாரை உள்ளே விடுவது’ என்ற கேள்விக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு.

தோட்டத்து லயத்துக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. பூட்டும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வீடு தோட்டத்துடையது, தோட்டம் துரையுடையது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலை நிறுத்தம் கோலசிலாங்கூர் தோட்டங்களுக்கும் பரவியது. அப்போது முன்வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் இருந்தது. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை இருந்தது. உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. மாமன் மச்சான் வீட்டுக்கு வருவதைக்கூட கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது! மே மாதம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஏழு வருடம் கழித்து, 1948 ஜூனில், அவசரகாலம். 1950க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தில் பல தோட்டங்களின் லயங்கள் ஒரே இடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. ராத்திரி ஊரடங்கு, காலையில் வாசலில் சோதனை, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று. அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே வாழ்ந்தவர்கள் கையில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை மாறவில்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின. பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்களில் 245 குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டத்தைக் கூட்டரசு 2023இல்தான் அறிவித்தது.

இப்போது பூட்டுக்கு வருவோம். தங்கப்போகிறவருக்குத் தற்காலிகச் சாவி என்ற யோசனை 1970களில் நார்வேக்காரர் தோர் சோர்ன்ஸ் செய்த ஓட்டல் அட்டைப் பூட்டில் வந்தது. பிளாஸ்டிக் அட்டையில் 32 துளை இடங்கள். அடுத்த விருந்தினருக்காகப் பூட்டுக்குள் புதிய அட்டைக்குப் பொருந்தும் அச்சைச் செருகியதும் முந்தைய அட்டை செத்துவிடும். இன்றைய எண் பூட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. நல்ல மாடல்களில் பூட்டுக்குள் ஒரு கடிகாரமும் ஓர் இரகசிய எண்ணும் இருக்கும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, கைப்பேசி தரும் எண் சரியா என்று பூட்டே முடிவு செய்யும். வாசலில் இணையம் தேவையில்லை. வைஃபை பூட்டு பேட்டரியைச் சீக்கிரம் தின்னும். கைரேகை வேண்டாம்; இரண்டு ராத்திரி தங்குகிறவரின் ரேகை நமக்கு எதற்கு? கடற்காற்று உப்பு மின்பலகையை அரிக்கும், அதனால் ஈரம் புகாத உறை பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனையும், சாதாரணச் சாவித் துளையும் இருக்கட்டும். மரக்கதவுக்கு எண் பூட்டு போட்டுவிட்டு வெளி கிரில்லில் பழைய பூட்டைத் தொங்கவிட்டால் எல்லாம் வீண்.

இவையெல்லாம் கடைக்காரரே சொல்வார். அவர் பெருமையாகச் சொல்லும் இன்னொரு வசதி, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்ற பதிவு. விருந்தினர் இரண்டு நாளில் போய்விடுவார். வாரா வாரம் அந்தப் பதிவில் விழுவது வீடு கூட்டித் துடைக்க வரும் அக்காவின் பெயர். பல சமயம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அம்மா விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்திருப்பார், கிராணி புத்தகத்தில் குறித்திருப்பார். இன்று அந்தப் புத்தகம் நம் கைப்பேசியில் இருக்கிறது. 2.05க்கு நுழைந்தார், 3.10க்குப் போனார், ஆகவே ஒரு மணி நேரச் சம்பளம் என்று கணக்குப் பார்க்க அது நம்மைத் தூண்டும்.

நான் தேர்ந்தெடுப்பது இணையமில்லாத எண் பூட்டு. விருந்தினருக்குத் தேதி முடிந்தால் சாகும் எண், அவர் கிளம்பியதும் பதிவை அழித்துவிடுவது. அக்காவுக்கு நிரந்தரமாக, அவருக்கே உரிய ஓர் எண். பூட்டு நேரத்தைக் குறித்துக்கொள்கிறது என்பதை அந்த எண்ணைக் கொடுக்கும்போதே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சம்பளத்தை மணிக்கணக்கில் இல்லாமல், வீட்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடலாம்.