வீட்டு ரூட்டரில் ஐ.பி. முகவரி ஒதுக்கீடு

வீட்டு ரூட்டரில் ஐ.பி. முகவரி ஒதுக்கீடு என்பது, ஒரு வீட்டில் உள்ள செல்பேசி, டிவி, கேமரா, பிரிண்டர் முதலிய கருவிகளுக்கு ரூட்டர் எண் கொடுப்பதும், தவணை நீட்டிப்பதும், திரும்ப எடுத்துக்கொள்வதும் ஆகும். டி.எச்.சி.பி. எனப்படும் இந்த முறையில் அப்படிக் கொடுப்பதற்கு 'லீஸ்' என்று பெயர். காவிரிப் படுகையில் அதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. குத்தகை என்றால் விளங்கும். காவிரி நீர் எட்டியும் எட்டாத வேதாரண்யம் வட்டத்தின் தென்முனையில், கோடியக்கரையில் இருக்கும் ரூட்டரும் இதே விதிப்படிதான் இயங்குகிறது. எண் எந்தக் கருவிக்கும் சொந்தமில்லை என்பதே அந்த விதியின் உயிர்நாடி. தொழில்நுட்பம் அறிந்தவர்களிலேயே பலர் இதை ஒரு குறையாகக் கருதி, ஒவ்வொரு கருவிக்கும் கையால் எண் எழுதிவைக்க முனைகிறார்கள். வரலாற்றைப் பார்த்தால், அந்தப் பழைய வழக்கத்தின் தொல்லையிலிருந்துதான் குத்தகை முறையே பிறந்திருக்கிறது.

1981இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு ஐ.பி.யில் மொத்த எண்கள் ஏறத்தாழ 429 கோடி. தொடக்கத்தில் அவற்றை நிர்வாகிகள் கணினி கணினியாகச் சென்று எழுதினார்கள். 1985இல் வந்த பூட்பி என்னும் முறை அந்த நடையை மிச்சப்படுத்தியது. ஆனால் எந்தக் கணினிக்கு எந்த எண் என்ற பட்டியலை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியிருந்தது. கணினிகள் இடம் பெயராதவரை அது போதும். மடிக்கணினிகள் பெருகி, வருவதும் போவதும் வழக்கமானபோது பட்டியல் பயனற்றுப்போனது. பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டிராம்ஸ் எழுதி 1993 அக்டோபரில் வெளியான டி.எச்.சி.பி. விதி, எண்ணுக்குத் தவணை வைத்தது. தவணையில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். கேட்காமல் போனால், காலம் முடிந்ததும் எண் பொதுக் கிடங்குக்குத் திரும்பிவிடும். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தரும் உறுதி இதில் இல்லைதான். ஆனாலும் தவணைக்கு முன்பு குத்தகைதாரரை வெளியேற்ற மூல விதியில் வழி கிடையாது. எது கருவியோடு போகும், எது போகாது என்பதற்கு ஓர் உவமை: கோடியக்கரை சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் மாட்டும் வளையத்தில் உள்ள எண் அப்பறவையோடே போகிறது. பறவை இறங்கி நிற்கும் சேற்றுத்திட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. தயாரிப்பிலேயே கருவியில் பதியும் வன்பொருள் எண் அந்த வளையம், ஐ.பி. முகவரி அந்தச் சேற்றுத்திட்டு.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது வீட்டுக்கு ரூட்டர் தேவைப்படவில்லை. தொலைபேசி அழைப்பு ஒன்றுக்கு எண் ஒன்று. அழைப்பை வைத்ததும் எண் போய்விடும். 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகு, ஒரே இணைப்பைப் பல கருவிகள் பகிரத் தொடங்கின. அதற்கான ஏற்பாடு முன்பே தயாராக இருந்தது. 1994இன் முகவரி மாற்று முறை வீடு முழுவதையும் ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் நிறுத்தியது; 192.168 போன்ற தொகுதிகள் உள்வலைப் பயனுக்கென அதே ஆண்டில் ஒதுக்கப்பட்டு, 1996இல் உறுதிசெய்யப்பட்டன. அந்த வெளி எண்ணும் இணைய நிறுவனம் தவணைக்குத் தந்ததுதான். ஆக ரூட்டர் நிலக்கிழார் அல்ல, தானே ஒரு குத்தகைதாரர். 2011 பிப்ரவரி 3 அன்று நான்காம் பதிப்பு எண்களின் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. இரண்டரை மாதத்தில் ஆசிய பசிபிக் பதிவகமும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, நிறுவனங்களே தம் வாடிக்கையாளர்களை ஒரு பொது எண்ணுக்குப் பின்னால் அடுக்க 100.64இல் ஆரம்பிக்கும் ஒரு தொகுதியில் சுமார் 42 லட்சம் எண்கள் ஒதுக்கப்பட்டன. உள்குத்தகைக்குள் இன்னொரு உள்குத்தகை. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முயன்று தோற்பவர் பெரும்பாலும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார். வீட்டு ரூட்டரில் எதை மாற்றினாலும் அது தீராது.

கையால் எழுதுவோரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பிரிண்டரின் எண் இன்று ஒன்று, நாளை ஒன்று என்றால் கணினி அதைத் தேடி அலையும். கேமரா பதிவுப் பெட்டிக்கும் அதே கதை. மின்தடை அவர்கள் பக்கம் இன்னொரு சாட்சி. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்த பின் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்த பகுதி இது. கரண்ட் போய்வரும்போது மலிவான சில ரூட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கை மறந்துவிடும். இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் எண்ணைப் புதிதாக வந்த செல்பேசிக்கு நீட்டவும் கூடும். ஆனால் கிடங்கின் எல்லைக்குள்ளேயே கையால் எழுதிய எண்ணும் இதே மோதலைத்தான் உண்டாக்கும், அதுவும் மின்தடை இல்லாமலே. ரூட்டரில் உள்ள ரிசர்வேஷன் வசதி போதுமான விடை: வன்பொருள் எண்ணைப் பார்த்து எப்போதும் அதே முகவரியைக் கொடுக்கும், கணக்கு ஒரே இடத்தில் இருக்கும். 2019இன் ஆண்ட்ராய்டு 10, 2020இன் ஐ.ஓ.எஸ். 14 முதல் செல்பேசிகள் பொய் வன்பொருள் எண் காட்டுவது உண்மை. பறவை ஊருக்கு ஒரு வளையம் மாட்டிக்கொள்வது போல. ஆனால் நிலையான எண் தேவைப்படுவது பிரிண்டருக்கும் பதிவுப் பெட்டிக்கும். வேடம் மாற்றும் செல்பேசிக்கு அல்ல. வந்துபோகும் செல்பேசிகளுக்குச் சில மணி நேரத் தவணையே போதும். ஒரே வீட்டில் இரண்டாவது ரூட்டரை மாட்டி, அதன் ஒதுக்கீட்டை அணைக்காமல் விடுவதுதான் பெரிய பிழை. ஒரே நிலத்தை இருவர் குத்தகைக்கு விட்ட கதையாகிவிடும்.

எண் தட்டுப்பாட்டைச் சமாளிக்கவும் உதவிய இந்த முறை, தட்டுப்பாடு தீர்ந்தால் தேவையா என்பது கனமான மறுப்பு. 128 இலக்க இரும எண்ணாலான ஆறாம் பதிப்பு ஐ.பி. இந்தியாவில் வேகமாகப் பரவியிருக்கிறது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ அதற்குப் பெருங்காரணம். ஆறாம் பதிப்பில் ரூட்டர் முகவரியின் முன்னொட்டை மட்டும் அறிவிக்க, மீதியைக் கருவி தானே அமைத்துக்கொள்ளலாம். யாரிடமும் எண் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் அந்த முன்னொட்டுக்கு ஆயுட்காலம் குறித்தே ரூட்டர் அனுப்புகிறது. ரூட்டருக்கும் அது நிறுவனத்திடமிருந்து தவணையோடு வந்ததுதான். நிறுவனம் முன்னொட்டை மாற்றினால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளின் வெளிமுகவரிகளும் கூடவே மாறுகின்றன. பக்கத்து அறையில் உள்ள பிரிண்டரோ இன்னமும் 192.168 எனத் தொடங்கும் எண்ணில்தான் இருக்கிறது.